ஒரே வாய்க்கால், ஒரே ரகம்: எனக்கு மட்டும் ஏன் 22 மூட்டை?

கேள்வி:

ஐயா, வணக்கம். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். மாமனார் இறந்து மூன்று வருடம் ஆகிறது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். சொந்த நிலம் ஆறு மா, குத்தகை நிலம் மூன்று மா, ஆக மூன்று ஏக்கரையும் நான்தான் பார்க்கிறேன். பட்டா இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கிறது. போன சம்பாவில் டி.கே.எம். 13 நெல் போட்டேன். பக்கத்து வயல்காரரும் அதே ரகம், அதே வாய்க்கால். இரண்டு பேரும் செப்டம்பர் 5-ஆம் தேதிதான் நாற்று விட்டோம். அவருக்கு ஏக்கருக்கு 34 மூட்டை, எனக்கு 22. அவர் ஏக்கருக்கு இரண்டரை மூட்டை யூரியா போட்டார், நான் நாலு மூட்டை போட்டேன். நகைக்கடன் வரத் தாமதமானதாலும் ஆள் கிடைக்காததாலும் அக்டோபர் 20-இல்தான் நட முடிந்தது. நட்ட மூன்றாவது வாரம் இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி ஆனது. கடையில் சொல்லி மூன்று மருந்து வாங்கி அடித்தேன். நவம்பர் மழையில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. அறுவடை இயந்திரமும் கடைசியாகத்தான் வந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்றார்கள், வியாபாரிக்கே கொடுத்துவிட்டேன். 'சின்ன நிலத்தில் விவசாயம் கட்டாது, விட்டுவிடு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் எங்கே தவறினேன்? தொடர்ந்து செய்யலாமா?

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. வேளாண்மைத் துறையில் முப்பது வருடம் டெல்டாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகசூல் குறைந்தது என்று வருகிறவர்கள் என்ன உரம் போட்டார்கள், என்ன மருந்து அடித்தார்கள் என்று சொல்வார்கள். என்றைக்குச் செய்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் நீங்கள் எழுதிய தேதிகளிலேயே இருக்கிறது.

செப்டம்பர் 5 விதைப்பு, அக்டோபர் 20 நடவு. அப்படியென்றால் நடும்போது நாற்றுக்கு வயது 45 நாள். பக்கத்து வயல்காரர் என்றைக்கு நட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ நட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வாரம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெல் எந்த ரகமாக இருந்தாலும் கதிர் உள்ளே உருவாகத் தொடங்கியதிலிருந்து பூ வர ஏறக்குறைய 35 நாள், பூத்ததிலிருந்து அறுவடைக்கு 30 நாள். இந்த 65 நாள் குறுவைக்கும் சம்பாவுக்கும் பெரிதாக மாறாது. குறுகிய வயது, நீண்ட வயது என்று நாம் சொல்வதெல்லாம் அதற்கு முந்தைய காலத்தை வைத்துத்தான். அது பயிர் தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும் காலம். உங்கள் ரகத்துக்கு வயது 130 நாள். 65-ஐக் கழித்தால் விதைத்ததிலிருந்து 65 நாள் மிச்சம். 25 நாள் நாற்றை நட்டவருக்கு வயலில் தூர் கட்ட 40 நாள் கிடைக்கிறது. பச்சை பிடிக்க ஒரு வாரம் போனாலும் 33 நாள். 45 நாள் நாற்றை நட்ட உங்களுக்கு 20 நாள், ஒரு வாரம் போக 13 நாள். முற்றிய நாற்றை நட்டால் பயிர் தன் வயதைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளும், ஆனால் போனதை முழுக்க ஈடுகட்டாது. தூர் குறைந்தால் கதிர் குறையும். கதிர் குறைந்த வயலில் பிறகு எதைக் கொட்டினாலும் மூட்டை ஏறாது.

அதோடு வடகிழக்குப் பருவமழை. அது வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாவது வாரத்தில். மழை வரும்போது அவர் பயிருக்கு வேர் இறங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். உங்கள் நாற்று அப்போதுதான் சேற்றில் கால் வைத்திருக்கிறது. அதே மழைதான், அதே ஐந்து நாள் தண்ணீர்தான். அவர் பயிர் தாங்கிக்கொண்டது, உங்கள் பயிரால் முடியவில்லை.

இப்போது யூரியாவுக்கு வருகிறேன். டெல்டாவில் உங்கள் ரகத்துக்கு ஏக்கருக்குத் தேவை 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல் சத்து. யூரியா மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 சதவீதம். இரண்டரை மூட்டையில் கிட்டத்தட்ட 52 கிலோ வந்துவிடுகிறது. அவர் அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) போட்டிருந்தால் அதில் தழைச்சத்து 9 கிலோ. மொத்தம் 61. சொன்ன அளவுக்குச் சரியாக நிற்கிறது. நீங்கள் போட்ட நாலு மூட்டை யூரியாவிலேயே 83 கிலோ தழைச்சத்து. டிஏபி பற்றியோ, சாம்பல் சத்துக்குப் போடும் பொட்டாஷ் பற்றியோ உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. போடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் போடவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது, டிஏபி மூட்டை 1,350 ரூபாய். நடவுக் கூலியே கடன் வாங்கிக் கொடுக்கும்போது எந்த மூட்டையில் கை வைப்போம்? அப்புறம் பயிர் வெளுத்துத் தெரிகிறது, மனசு பதறுகிறது, இன்னொரு மூட்டை யூரியா வீசுகிறோம். தேங்கிய தண்ணீரில் வீசிய யூரியாவில் பெரும்பகுதி காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். பயிருக்குள் போனது இலையைக் கொழுக்க வைத்து இலைச்சுருட்டுப் புழுவையும் புகையான் பூச்சியையும் குலை நோயையும் கூப்பிடும். டெல்டாவில் நான் பார்த்தவரை, நாள் தவறிய பயிருக்குத்தான் யூரியா அதிகம் விழுகிறது. தாமதத்துக்கு மருந்து யூரியா என்று எப்படியோ நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை ஊன்றிவிட்டது.

அந்தத் துருப்புள்ளி நோயாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. நட்ட இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் இலையில் துரு மாதிரிப் புள்ளி விழுந்து, பயிர் அங்கங்கே திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றது என்றால் அது பெரும்பாலும் துத்தநாகச் சத்துக் குறைவு. தண்ணீர் தேங்கும் நம் பக்கத்து மண்ணில் இது சாதாரணம். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து வயலில் தூவியிருந்தால் வந்திருக்காது. வந்த பிறகு தெரிந்தாலும், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் கலந்து இலையில் தெளித்தால் போதும். மூன்று மருந்துக்கு நீங்கள் கொடுத்த பணம் வீண் போயிற்று என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். கையில் இலையோடு போய் நின்றால் உடனே பதில் சொல்ல ஊரில் இருக்கிற ஒரே ஆள் அவர். கடனுக்கும் கொடுக்கிறார். ஆனால் யோசனை சொல்கிறவரும் மருந்து விற்கிறவரும் கடன் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, 'ஒன்றும் அடிக்க வேண்டாம்' என்ற பதில் அந்தக் கடையிலிருந்து வராது. அடுத்த முறை இலையைப் பிடுங்காதீர்கள். வேரோடு இரண்டு குத்து பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். ஒரு நாள் போகும், பரவாயில்லை.

'நான் எங்கே தவறினேன்' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் உறுத்தியது. பணியில் சேர்ந்த புதிதில் குறைந்த மகசூலுக்குக் காரணம் எழுதச் சொன்னால், 'விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை' என்று நானே அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அப்படி எழுத மாட்டேன். 45 நாள் நாற்றை நடக் கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? ஆள் வரவில்லை, பணம் வரவில்லை, அதனால் நடவில்லை. அவ்வளவுதான்.

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்ன நிலத்தில் விளையாது என்பது உண்மை அல்ல. 1950-களில் இந்தியாவில் நடந்த பண்ணை மேலாண்மைக் கணக்கெடுப்புகளில், நிலம் சிறியதாக இருந்த இடங்களில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதலாக இருந்தது. 1962-இல் அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டிக் கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை பொருளாதார அறிஞர்கள் இதைப் பற்றி விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முக்கியமான காரணம், சின்ன நிலத்துக்காரருக்கு வீட்டு ஆள் உண்டு. மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று எல்லோரும் வயலில் இறங்குவார்கள். களை தெரிந்த அன்றே எடுத்துவிடுவார்கள், மடை உடைந்தால் ராத்திரியே அடைத்துவிடுவார்கள்.

இன்றைக்கு அந்த வீட்டு ஆள் இல்லை. மாமனார் போய்விட்டார், கணவர் கடல் கடந்து இருக்கிறார். உழவு, நடவு, களை, அறுப்பு எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். வாங்குகிற இடத்தில் ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு வேலி, அதாவது நாற்பது மா வைத்திருப்பவர் முன்பணம் கொடுத்து நடவு ஆட்களைப் பிடித்துவிடுகிறார். அறுவடை இயந்திரக்காரர் ஒரே இடத்தில் நாற்பது மா கிடைத்தால் அங்கே போவாரா, ஒன்பது மாவுக்கு வருவாரா? நகைக்கடனும் அப்படியே. ஒவ்வொரு வேலையிலும் உங்கள் முறை கடைசியாக வருகிறது. நடவு கடைசி, உரம் கடைசி, அறுப்பு கடைசி, கொள்முதல் நிலையத்திலும் கடைசி. உங்கள் 12 மூட்டை இந்த வரிசையில்தான் போயிருக்கிறது. நிலத்தின் அளவில் போகவில்லை. ஆகவே இந்த வருடம் என்ன புது உரம் போடலாம் என்று யோசிக்காதீர்கள். வரிசையில் எப்படி முன்னால் வருவது என்று யோசிப்போம்.

முதல் வேலை வயலில் இல்லை. தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. பட்டா மாமனார் பேரிலேயே இருக்கிறவரை கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உங்கள் பேரில் பயிர்க்கடன் கிடைப்பது கஷ்டம், பயிர்க் காப்பீட்டில் சிக்கல், மத்திய அரசின் வருடம் 6,000 ரூபாய் உதவியும் கிடைக்காது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளோடு பேசி, பட்டாவை மாற்றுங்கள். கணவர் பேரில் மாற்றுவதா, உங்கள் பேரும் சேர வேண்டுமா என்பதைக் குடும்பத்தில் வெளிப்படையாகப் பேசுங்கள். நிலத்தில் நிற்பது நீங்கள். கையெழுத்துப் போடும் உரிமையும் உங்களிடம் இருந்தால்தான் ஒவ்வொரு தடவையும் அவர் விடுப்பில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது. இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைக்காதீர்கள். கணவர் ஊரில் இல்லாத எத்தனையோ வீடுகளில் கடன் இதனாலேயே ஒரு மாதம் தள்ளிப்போய், நடவும் தள்ளிப்போனதைப் பார்த்தவன் நான்.

தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டி மிச்சமாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய லாபம், ஆகஸ்டிலேயே விண்ணப்பித்தால் செப்டம்பரில் பணம் கையில் இருக்கும் என்பது. கடனில் ஒரு பகுதியை உரமாகவே தருவார்கள், அதில் டிஏபியும் பொட்டாஷும் வந்துவிடும். யூரியாவை மட்டும் தூக்கி வரும் பழக்கம் அங்கேயே குறையும்.

அடுத்தது ஆள். தனியாக ஒன்பது மாவுக்கு ஆள் தேடாதீர்கள். உங்கள் வயல்களுக்குப் பாயும் கன்னி வாய்க்காலில் (கடைசிச் சிறு வாய்க்கால்) உங்களைப் போல ஆறு மா, எட்டு மா வைத்திருப்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். இந்தக் கோடையிலேயே அவர்களோடு உட்காருங்கள். ஒரே ரகம், ஒரே வாரத்தில் விதைப்பு, ஒரே நடவு ஒப்பந்தம் என்று முடிவு செய்தால் நாற்பது மா சேர்ந்துவிடும். நாற்பது மாவுக்கு நடவு ஆட்கள் மறுக்க மாட்டார்கள். அறுவடை இயந்திரமும் வந்து இறங்கும். பூச்சியும் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தாவி மாதக்கணக்கில் வாழ முடியாது. பக்கத்து வயல்காரரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 34 மூட்டை எடுத்தவர் அருகில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

இயந்திர நடவு என்றால் பாய் நாற்றங்கால், அதாவது நாற்றைப் பாய் போல எடுக்கக்கூடிய நாற்றங்கால் வேண்டும். 15 முதல் 18 நாள் நாற்றிலேயே நட்டுவிடலாம். ஆனால் வயல் மட்டமாக இருக்க வேண்டும், சேறு ஆழமாக இருந்தால் இயந்திரம் சிக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு அரசின் உழவன் கைபேசிச் செயலியிலேயே பதிவு செய்யலாம். அதுவும் சரிவராது என்று தெரிந்தால், நாற்று விட்டுவிட்டு ஆளுக்குக் காத்திருப்பதைவிட, முளைகட்டிய விதையை டிரம் சீடரால் (கையால் இழுக்கும் விதைப்புக் கருவி) சேற்றிலேயே வரிசையாக விதைத்துவிடுவது மேல். களை கூடுதலாக வரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பெருமழைக்கு முன்பே பயிர் வேர் பிடித்திருக்க வேண்டும் என்பதால், செப்டம்பரைத் தாண்டி இதைச் செய்யாதீர்கள்.

நாற்றங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இதில் செலவு கூடாது, குறையும். ஏக்கருக்கு நம் ஊரில் 30, 40 கிலோ விதை கொட்டுவது வழக்கம். நடுத்தர வயது ரகத்துக்கு 16 கிலோ போதும். அதற்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். 40 கிலோவை நாலு சென்ட்டில் கொட்டினால் நாற்று ஒன்றையொன்று நெருக்கி ஊசி மாதிரி வளரும், தூர் கட்டும் சக்தியை அங்கேயே இழந்துவிடும். சென்ட்டுக்கு 2 கிலோ டிஏபி போட்டு, நெருக்கமில்லாமல் விதைத்துப் பாருங்கள், 25-ஆம் நாள் தண்டு தடித்து நிற்கும். சொந்த விதையாக இருந்தால் உப்புத் தண்ணீரில் போட்டுத் தேறுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மேலே வந்து அதன் முதுகு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தெரிகிறவரை உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு விதையைக் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி ஊறவையுங்கள். கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) கலந்துகொள்ளுங்கள். மூன்று வருடமாக அதே விதையைப் போடுகிறீர்கள் என்றால் இந்த முறை நீல அட்டை கட்டிய சான்று விதை வாங்கிவிடுங்கள்.

ஆள் தாமதமாகலாம் என்று பயம் இருந்தால் எல்லா நாற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். மூன்று மாவுக்கான நாற்றைப் பத்து நாள் தள்ளி விடுங்கள். முதல் நடவு தள்ளிப்போனாலும் அந்தப் பகுதிக்காவது நாற்றின் வயது சரியாக இருக்கும்.

நட்ட பிறகு யூரியாவைக் கணக்குப் பார்த்துப் போட ஒரு எளிய வழி இலை வண்ண அட்டை, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலையில், வெயில் நேராக இலையில் படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பத்து குத்துகளின் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆறு இலையாவது நாலாம் எண் பச்சையைவிட வெளுப்பாக இருந்தால் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா போடுங்கள். இல்லையென்றால் மூட்டையைத் தொடாதீர்கள். பூ வரத் தொடங்கியதும் இதை நிறுத்திவிடலாம். இதைக் கையில் எடுத்தவர்கள் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவாவது மிச்சம் பிடித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். களை எடுப்பதை 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் முடித்துவிட வேண்டும். நாற்பது நாளுக்குப் பிறகு எடுக்கும் களை ஆடு மாட்டுக்குத்தான் உதவும்.

வடிகால் உங்கள் ஒருவரால் ஆகாத வேலை. டெல்டாவில் பாசனத்துக்குச் சண்டை போடுகிற நாம் வடிகாலை மறந்துவிடுகிறோம். கீழே இருக்கும் வயலில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று வாய்க்கால் வழியே நடந்து போய்ப் பாருங்கள். எங்கோ ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருக்கும், அல்லது யாரோ பாதைக்காகக் குழாய் போட்டுக் குறுக்கியிருப்பார்கள். அந்த நாலைந்து பேரும் சேர்ந்து செப்டம்பரிலேயே அதை வெட்டிவிடுங்கள். பெரிய வடிகால் என்றால் ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் மனு கொடுங்கள், தனியாகப் போகாமல் பத்துக் கையெழுத்தோடு போங்கள். அப்படியும் தண்ணீர் நின்றுவிட்டால், முதலில் வடிக்க வேண்டும். வடிந்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவோடு 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஒரு இரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீசுங்கள். தண்ணீர் நிற்கும்போது வீசுவதும் வாய்க்காலில் கொட்டுவதும் ஒன்றுதான்.

காப்பீட்டைத் தவற விடாதீர்கள். சம்பா நெல்லுக்கு நீங்கள் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. நம் மாவட்டத்தில் மழை அடிக்கிற நேரமும் அதுதான், எனவே அக்டோபரிலேயே அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்குப் பதிவு) வாங்கிக் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான் இழப்பீடு கணக்கிடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் முழுக்க விளைந்து உங்கள் வயல் மட்டும் போனால் பணம் வருவது கஷ்டம்.

அறுவடை நேரத்தில் நீங்கள் இழந்தது நெல் மட்டும் இல்லை. சம்பா தை முதல் பாதியில் தயாரானால் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிடலாம். பனியிலும் மிச்ச ஈரத்திலும் அது விளைந்துவிடும். மாசி வரை அறுப்பு தள்ளிப்போனால் அந்த வருடம் உளுந்தை மறந்துவிட வேண்டியதுதான். ஏக்கருக்குப் பத்து கிலோ விதை, பூக்கும்போது இரண்டு கிலோ பயறு ஒண்டர் (பயறு வகைகளுக்கான ஊட்டச்சத்துக் கலவை) தெளிப்பு, அதற்குமேல் செலவு இல்லாத பயிர். இயந்திரம் ஓடும் தடத்தில் கொஞ்சம் நசுங்கும். வயல் ரொம்பச் சேறாக இல்லாமல் முன்கூட்டியே வடித்திருந்தால் சேதம் குறையும். நெல்லை ஒரு நாள், இரண்டு நாள் காயவைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்த பிறகு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். களத்துக்கும் தார்ப்பாய்க்கும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இதையும் அந்த நாலைந்து பேரோடு சேர்ந்து வாங்கலாம்.

சரி, கட்டுமா கட்டாதா? பக்கத்து வயலைவிட உங்களுக்குக் குறைந்தது ஏக்கருக்கு 12 மூட்டை, மூன்று ஏக்கருக்கு 36 மூட்டை. அறுபது கிலோ மூட்டை என்றால் 2,160 கிலோ. 2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையோடு சேர்த்துச் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அந்த விலையில் கிட்டத்தட்ட 55,000 ரூபாய். உளுந்தை நான் இதில் சேர்க்கவில்லை. நேரத்துக்கு நட்டிருந்தால் இவ்வளவும் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், மழையும் பூச்சியும் யார் கையிலும் இல்லை. ஆனால் இதில் பாதியைப் பிடித்தாலும், சொந்த ஆறு மாவை விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை.

குத்தகை மூன்று மாவைப் பற்றி என் கருத்து வேறு. வாய்மொழிக் குத்தகை என்றால் அந்த நிலத்துக்குக் கடனும் காப்பீடும் கிடைப்பது சிரமம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டிய மூட்டை மட்டும் நிச்சயம். எத்தனை மூட்டை அளக்கிறீர்கள் என்று எழுதவில்லை. போன வருடக் கணக்குப்படி அந்த மூன்று மாவில் உங்களுக்குக் கிடைத்தது மொத்தமே 22 மூட்டை. குத்தகையும் செலவும் போக என்ன நின்றது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்றும் நிற்கவில்லை என்றால் இந்த ஒரு வருடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருக்கிற பணத்தையும் ஆளையும் சொந்த ஆறு மாவில் நாள் தவறாமல் இறக்குங்கள். நில உரிமையாளர் குத்தகையை அடங்கலில் பதியச் சம்மதித்தால் கதை வேறு, அப்போது வைத்துக்கொள்ளலாம்.

நான் எழுதிய எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டாம். பட்டா, 16 கிலோ விதை, 25 நாள் நாற்று, துத்தநாகம், வடிகால். இந்த ஐந்தையும் இந்த சம்பாவில் பிடித்துக்கொண்டால் போதும். இலை வண்ண அட்டையை மட்டும் முதலில் ஒரே ஒரு மாவில் பழகிப் பாருங்கள், கை வந்த பிறகு மற்ற இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரு நோட்டுப் போட்டு, விதைத்த நாள், நட்ட நாள், உரம் போட்ட நாள், தண்ணீர் நின்ற நாள் என்று எழுதி வாருங்கள். பக்கத்து வயல்காரரின் தேதிகளையும் அவரைக் கேட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்போது வயல் காய்ந்திருக்கிறது, மண் பரிசோதனைக்கு இதுதான் நேரம். வரப்போரம், மரத்தடி, எருக் குவித்த இடம் இவற்றை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் மண்ணை ஆங்கில 'வி' எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுங்கள். குழியின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மறுபடி கலந்து, கடைசியில் அரைக் கிலோ நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். சொந்த நிலத்துக்கும் குத்தகை நிலத்துக்கும் தனித்தனிப் பையில் போட்டு, சர்வே எண்ணை எழுதி, வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள். மண்ணின் கார அமில நிலை எவ்வளவு என்று முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அடியுரத்தோடு ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் போடுவது உங்கள் மண்ணுக்குத் தேவையா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.